ஒரு போத்தலுக்கு ஒரு பொட்டலம்

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, உள்ளே நான்கு பாலிதீன் பைகளில் வெள்ளைப் பொடியைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உப்பு."

"இது?"

"அதுவும் ஒரு உப்பு."

"அப்போ இது?"

"அதுவும் உப்புதான். நாலாவது மட்டும் சர்க்கரை."

நல்லவேளையாக, என்னை அழைத்தவர்கள் அனுப்பியிருந்த அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். "உப்பும் சர்க்கரையும் எங்களிடமே இருக்கிறதே அம்மா, இதைப் போய் இந்தியாவிலிருந்து சுமந்து வருவீர்களா?" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். நான் போன காரியமே அதுதான். அங்கே கிடைக்கிற உப்பையும் சர்க்கரையையும் வைத்து அவர்களே மருந்து செய்துகொள்ளக் காட்டிக்கொடுக்க வேண்டும். கையில் இருந்தது வெறும் மாதிரி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தைந்து வயது. விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு சிறிய மருந்துக் கூடத்தில் வேலை. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போகும் குழந்தைகளுக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொடியைப் பொட்டலம் போட்டுச் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. நல்ல தராசு ஒன்று, சல்லடை, பிளாஸ்டிக் உறையின் வாயை ஒட்ட மண்ணெண்ணெய் விளக்கும் ஆக்சா பிளேடும். அவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை.

அதையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஏதோ பணக்கார தேசம் இல்லை. டாக்காவிலிருந்து வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கிய சுல்தானா என்ற அம்மாள்தான். முதல் இரண்டு நாள் அவர் தராசைத் தொடவே இல்லை. தெருத்தெருவாகப் போய், வீட்டுக்கு வீடு சொம்பையும் டம்ளரையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து சொல்லிக்கொடுக்க வந்தாங்களா, பாத்திரம் வாங்க வந்தாங்களா?" என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். அவர் தந்ததை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க என்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. அதை மறைப்பானேன்.

விமான நிலையத்துக்கு ராமையா வந்திருந்தார். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அவர் டிஸ்பென்சர். டாக்டர் இல்லாத தோட்டத்தில் டிஸ்பென்சர்தான் டாக்டர். கொழும்பிலிருந்து பொட்டலம் வருவதற்குள் மழைக்காலம் பாதி முடிந்துவிடுகிறது, குழந்தைகள் காத்திருப்பதில்லை என்று எங்கள் கூடத்துக்குக் கடிதம் எழுதி வரவழைத்தவர் அவர்தான். அங்கங்கே ஓடி அனுமதிகளை வாங்கியவரும் அவரே.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் பாஸ்போர்ட்டை ஒரு நிமிடம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து வரிசையில் ராமையாவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. "நீங்க வெளிநாடு. நான் உள்நாடு. அதான் லேட்டு" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் பஸ் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கொட்டுகிற மழை. எதிரே இருந்த கடையில் ஒதுங்கினோம். பால் இல்லாத தேநீரைக் கொடுத்து, சர்க்கரையைத் தனியாக உள்ளங்கையில் வைத்தார்கள். ஒரு வாய் தேநீர், ஒரு நக்கு சர்க்கரை. எங்கள் ஊரில் டீயில் சர்க்கரை குறைந்தால் சண்டையே வரும். இங்கே அவரவர் கையில் அவரவர் அளவு. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, பக்கத்தில் நின்ற சிங்கள அம்மாள் ஒருவர் ராமையாவிடம் ஏதோ கேட்டார். அவர் எனக்கு மொழிபெயர்த்தார். "இந்தப் பிள்ளை ஊருல மழையே பெய்யாதா, இப்படி வாயப் பொளந்துகிட்டுப் பாக்குதேன்னு கேக்குறாங்க."

"விருதுநகர்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

தோட்டத்தில் எனக்கு மருந்தகத்தின் பின்னறையைக் கொடுத்தார்கள். கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் நான். ராமையாவின் மனைவி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்ததால், பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த புஷ்பராணியிடம் என் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். மாலையில் இடுப்பில் பத்து மாதக் குழந்தை தர்ஷினியோடும் கையில் மூடிய தட்டோடும் வருவாள். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டி, கண்ணில் நீர் வரவழைக்கிற மிளகாய்ச் சம்பல், சில நாள் பலாக்காய்க் கறி. நான் உறைப்பில் தவிப்பதைப் பார்க்க அவளுக்கு வேடிக்கை.

"இந்தியாவுல மிளகாயே கெடையாதா மிஸ்?"

"இருக்கு. இப்படிப் பழி வாங்காது."

தர்ஷினி என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதில் குறியாக இருப்பாள். அந்தச் சின்ன விரல்களின் பிடி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வேலை கற்றுக்கொள்ள நான்கு பெண்கள் வந்தார்கள். தேயிலைக் கொழுந்து நிறுத்துப் பழகிய கண்கள், தராசு முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறுப்பதில் எனக்கே அவர்கள் பிழை காட்டினார்கள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், சலித்து வைத்த பொடி எல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. விருதுநகரில் பொடியைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்கே போய்வரலாம். அங்கே காற்றே தண்ணீராக இருந்தது.

ராமையா என்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். அங்கே தேயிலைப் பக்குவத்தைப் பார்க்கிற டீமேக்கர் என் கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "தேயிலைக்கும் இதே சீக்குதான் மிஸ். ஈரம் வாங்கினா செத்துரும்" என்றார். காய்ந்த தேயிலையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிற அறையில் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். சூடு பிடித்த, தூசி இல்லாத மூலை. மத்தியான வேளையில் மட்டும் நிறுக்க வேண்டும், நிறுத்த கையோடு உறையை ஒட்டிவிட வேண்டும் என்று அவரே நேரமும் வகுத்தார். மருந்து செய்யச் சொல்லிக்கொடுக்கப் போனவள், தேயிலைக்காரரிடம் குறிப்பு எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஐந்தாம் நாள் ராமையா ஏதோ கையெழுத்துக்காகக் கொழும்புக்குப் போனார். போகுமுன் உறைக்குள் வைக்க வேண்டிய துண்டுச் சீட்டை எழுதித் தந்திருந்தார். "ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்கவும்." ஆபீசில் அதைப் பிரதி எடுக்குமுன் நான் பெண்களிடம் கேட்டேன்.

"லிட்டர்னு போட்டா எல்லாருக்கும் புரியுமா?"

"லீட்டரெல்லாம் நாங்க எங்க மிஸ் கண்டோம்? மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், பாலு எல்லாமே போத்தல் கணக்குத்தான்" என்றாள் ஒருத்தி.

என் பையில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "இதுதானே?"

"ஆமாங்க மிஸ், போத்தல்தான்" என்று நான்கு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டிலை இங்கே போத்தல் என்கிறார்கள், புத்தகத் தமிழை விட்டுவிட்டு மக்கள் பேசுகிற சொல்லைப் போடுவோம் என்று, லீட்டரை அடித்துவிட்டுப் போத்தல் என்று எழுதினேன். அன்று சாயங்காலம் பிள்ளைமடுவத்தில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு பொட்டலத்தை என் பாட்டிலில் கரைத்துக் காட்டினேன். "நாக்குல வச்சுப் பாருங்க. கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது" என்று சுல்தானா சொல்லித்தந்ததைச் சொன்னேன். புஷ்பராணியும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்துத் தர்ஷினிக்கு வயிற்றால் போயிற்று. புஷ்பராணி எங்கள் பொட்டலம் ஒன்றை வாங்கிப் போனாள். மறுநாள் இன்னொன்று. அடுத்த நாள் விடியும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. தண்ணீரைக் கண்டால் பறந்தது, குடித்தாலும் அடங்கவில்லை, அழுகை ஒரு மாதிரி கீச்சென்று இருந்தது. முந்தைய இரவுதான் கொழும்பிலிருந்து திரும்பியிருந்த ராமையா பார்த்தவுடனே முகம் மாறி, தோட்டத்து லொறியில் எங்களை ஏற்றிக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு நர்ஸ் புஷ்பராணியைச் சிங்களத்தில் நீளமாக ஏசினார். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் "ஹரி மிஸ்ஸி, ஹரி மிஸ்ஸி" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லித் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து ராமையாவைக் கேட்டேன்.

"தண்ணிய கொறைச்சு ஊத்தி உப்பைக் கூட்டிட்டீங்க, படிச்சுப் பாத்துக் குடுக்கத் தெரியாதான்னு ஏசுறாங்க. சரியாத்தான் சொல்றாங்க. நம்ம சனம் அளவப் பாக்காதுங்க மிஸ்."

புஷ்பராணி என்னிடம் வந்தாள். "நான்தான் தப்பா ஊத்திட்டேன் போல மிஸ்" என்றாள்.

நான் அவள் தோளைத் தொட்டு, "பரவாயில்லை. இனிமே பார்த்து ஊத்துங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து எடுத்துவிட முடிந்தால் எதையும் கொடுப்பேன்.

அறைக்குத் திரும்பியும் மனம் ஆறவில்லை. ஒருவேளை நிறுத்ததில் பிழையோ என்று இருபது பொட்டலங்களைப் பிரித்துத் திரும்ப நிறுத்தேன். ஒன்றிலும் குறையில்லை. தராசையும் சோதித்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் பிழை அவளுடையதுதான் என்று ஒரு நிம்மதிகூட எனக்கு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை மாவனல்லை நானா தன் வேனில் வந்தார். தோட்டங்களுக்கு மண்ணெண்ணெய், எண்ணெய், பிளாஸ்டிக் உறை எல்லாம் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி. எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன், எனக்கும் அப்படித்தான். விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும் என்று என் மூன்று லிட்டர் கேனை நீட்டி, "மூணு போத்தல் ஊத்துங்க" என்றேன். அளந்து மூன்று முறை ஊற்றினார். கேன் நிறையவில்லை. நான்கு விரற்கிடை குறைந்தது.

"நானா, அளவு குறையுதே."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன மிஸ் இப்பிடி செல்றீங்க? இருவது வருஷமா இந்தத் தோட்டத்துக்கு வாறன், அளவுல கை வச்ச ஆளில்ல நான். போத்தல் எண்டா முக்கா லீட்டர்தானே. சாராயப் போத்தல் அளவு. இது ஒங்களுக்குத் தெரியாதா?"

கேனை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஒரு லிட்டருக்கு நிறுத்த உப்பை முக்கால் லிட்டரில் கரைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். புஷ்பராணி ஒரு சொட்டுக்கூடத் தப்பாக ஊற்றவில்லை. போத்தல் என்பது அவர்களுக்குப் பாத்திரத்தின் பெயர் மட்டும் இல்லை, அளவின் பெயர். என் பாட்டிலைக் காட்டி இதுதானே என்று கேட்டபோது, போத்தலா என்றுதான் அவர்கள் பார்த்தார்கள், எவ்வளவு கொள்ளும் என்று நானும் கேட்கவில்லை. சுல்தானா இரண்டு நாள் சொம்பு சொம்பாகத் தேடி அலைந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ராமையாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சீட்டை வாங்கிப் பார்த்தவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அந்தப் புள்ளைய நானும் கொற சொல்லிட்டேனே" என்றார். கொடுத்த பொட்டலங்களைத் திரும்ப வாங்க அவர் லயங்களுக்கு ஓடினார். நான் நானாவின் வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

குழந்தைக்குக் குழாய் வழியே மெதுவாக நீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டில் விளிம்பில் புஷ்பராணி உட்கார்ந்திருந்தாள். அதே நர்ஸ் அங்கே இருந்தார். நானாவை மொழிபெயர்க்கச் சொல்லி, அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, சீட்டில் தப்பாக எழுதியது நான் என்று சொன்னேன்.

நர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். நேற்று அவளுக்குக் கிடைத்ததைவிட நீளம்.

நானா என் பக்கம் திரும்பித் தயங்கினார். "முழுக்கச் செல்லவா மிஸ், கொஞ்சம் விட்டுட்டுச் செல்லவா?"

"முழுக்கச் சொல்லுங்க."

"நேத்து நான் ஏசினதெல்லாம் ஒங்களுக்குச் சேர வேண்டியது, இந்தப் பிள்ளைக்கிட்ட இருந்து நீங்களே வாங்கிக்கோங்க எண்டு செல்றாங்க. இன்னமும் ஈக்கி." மீதியையும் சொன்னார். நானும் நின்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் நர்ஸே குரலைத் தாழ்த்தி, பிள்ளை தேறிவிடும், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார். அதையும் நானா சொன்னார்.

நான் புஷ்பராணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "குடுக்கும்போது நாக்குல வச்சுப் பார்த்தீங்களா?"

"பாத்தேன் மிஸ். கண்ணீர விட கூடத்தான் கரிச்சுச்சு. சீட்டை எழுத்துக் கூட்டித் திரும்பவும் படிச்சேன். ஒரு போத்தல்னுதான் இருந்துச்சு. படிச்சவங்க எழுதியிருக்காங்க, என் நாக்குக்கு என்ன தெரியும்னு குடுத்துட்டேன்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "இனிமே அந்தப் பொட்டலம் எங்களுக்கு வேணாம் மிஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் அடுத்த நாள் விடிகாலையில் போய் நின்றேன். கூடையும் வாளியுமாக எல்லாரும் கூடியிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, புஷ்பராணியுடையது இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அப்ப நாங்க லீட்டர் போத்தலுக்கு எங்கங்க போறது?"

"எங்கேயும் போக வேண்டாம். போத்தல் உங்ககிட்ட இருக்கு. மருந்தைத்தான் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்" என்றேன்.

அன்று முதல் தேயிலைத் தொழிற்சாலை மூலையில் விடாமல் வேலை நடந்தது. கட்டி வைத்த அத்தனை பொட்டலங்களையும் பிரித்தோம். எல்லாவற்றையும் முக்காலாக்கினோம். இருபது கிராம் குளுக்கோஸ் சர்க்கரை பதினைந்தாயிற்று, மூன்று உப்புகளும் அதே கணக்கில் குறைந்தன. சீட்டில் எழுத்தோடு ஒரு சாராயப் போத்தலின் படத்தையும் ராமையா தன் கையால் வரைந்தார். நானா ஒரு சாக்கு நிறையக் காலிப் போத்தல் கொண்டுவந்து போட்டார். அளவுச் சாடியில் ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்த பிறகுதான் பொட்டலத்தின் வாயை ஒட்டினோம். நான்கு பெண்களும் தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் முன் அவர்களே குடித்துப் பார்த்தார்கள். நான் சொல்லாமலே செய்தார்கள்.

மூன்று நாளில் தர்ஷினி வீட்டுக்கு வந்துவிட்டாள். புஷ்பராணி வழக்கம்போல ரொட்டி கொண்டுவந்தாள், வழக்கம்போலச் சம்பல் என்னைப் பழிவாங்கியது. பொட்டலத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள், நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்தது. அளவைப் பற்றி அவ்வளவு பாடம் படித்தவள், மூன்று துண்டு சாப்பிட்டேன். விடியும்போது என் வயிறு அதற்குக் கணக்குக் கேட்டது. எத்தனை முறை எழுந்து போனேன் என்று எனக்கே தெரியாது. லொறி வந்து நின்றபோது வாசற்படியில் பெட்டியின் மேல் சாய்ந்து கிடந்தேன். இந்த நிலையில் எப்படிக் கொழும்பு வரைக்கும் போவது என்று ராமையா கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

லயத்துப் பக்கமிருந்து புஷ்பராணி வந்தாள். இடுப்பில் தர்ஷினி. கையில் கழுவித் துடைத்த ஒரு போத்தல், அதில் கழுத்து வரைக்கும் தண்ணீர். மடியிலிருந்து எங்கள் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். என்னைப் பார்க்காமல் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரிய செம்பில் தண்ணீரைக் கவிழ்த்து, பொடியைக் கொட்டிக் கலக்கி, திரும்பப் போத்தலில் ஊற்றினாள். பிறகு ஒரு மூடி எடுத்துத் தன் நாக்கில் விட்டுக் கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணீர் அளவுதான் மிஸ்" என்றாள். "இப்ப சரி. குடிங்க."

போத்தலை இரண்டு கையாலும் வாங்கினேன். இரண்டு வாய் குடிப்பதற்குள் எனக்குக் கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, போத்தலின் கழுத்தில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. தர்ஷினி எட்டி என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

புஷ்பராணி முந்தானையால் போத்தலின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அழுதுகிட்டே குடிக்காதீங்க மிஸ்" என்றாள். "அளவு மாறிப்போகும்."